பைக்கில் போன் சார்ஜ் போர்ட்: கடைக்குப் போகாமல் நீங்களே பூட்டுவது

என் பைக்கில் முதல் போர்ட்டைப் பூட்டியது நான் இல்லை. டவுனில் ஒரு கடையில் வாங்கினேன், அங்கு நின்ற பொடியனே பத்து நிமிடத்தில் பூட்டியும் தந்தான், இரண்டு வயரையும் நேரே பற்றரியின் இரண்டு முனையிலும் திருகி, சீற்றை மூடி, "சரி அண்ணே, வேலை முடிஞ்சுது" என்றான். நீல எழுத்தில் வோல்ட் காட்டுகிற வடிவான சாமான். அப்புறம் நான் ஒரு அலுவலாகக் கொழும்பில் மூன்று கிழமை நின்றுவிட்டு திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கிற உப்புவெளிக்குத் திரும்பி வந்து பைக்கை எடுத்தால், ஸ்டார்ட்டர் 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிட்டது. நான் இல்லாத இருபத்தொரு நாளும் அந்த நீல எழுத்து இரவு பகலாக எரிந்திருக்கிறது.

கணக்குப் பார்த்தால் இதில் ஆச்சரியமே இல்லை. அந்த வோல்ட் காட்டி எடுப்பது சுமார் 20 மில்லி அம்பியர், எறும்பு குடிக்கிற அளவுதான். ஆனால் 24 மணி நேரம் ஓடினால் அது அரை அம்பியர் மணிக்குக் கிட்ட வரும். என் பற்றரி 4 அம்பியர் மணி. ஆக எட்டு நாளில் கதை முடிந்திருக்கும், மிச்ச நாளெல்லாம் வெறும் பற்றரி கிடந்து தகட்டில் சல்பேட் படிந்து கெட்டது, சார்ஜ் ஏற்றிப் பார்த்தேன், பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு என் பைக்குக்கும் அண்ணனின் ஸ்கூற்றருக்கும் கூட்டாளிகள் இரண்டு பேருக்கும் நானே பூட்டியிருக்கிறேன். போர்ட் எந்த மேக் என்று எல்லோரும் கேட்கிறார்கள், எந்த வயரில் இருந்து கரண்ட் எடுக்கிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்குத் தெரிந்து பிரச்சினை வந்த எல்லாப் பைக்கிலும் பிழை அந்த இடத்தில்தான் இருந்தது, அல்லது இணைப்பில் உப்பு ஏறியிருந்தது.

போர்ட் வாங்கப் போவதற்கு முன் பைக்கைப் பாருங்கள். ஒரு சின்ன மல்டிமீற்றர் இருந்தால் போதும். எஞ்சின் நிற்கும்போது பற்றரியில் 12.5 வோல்டுக்கு மேல் இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலேற்றரை ஓரளவு முறுக்கினால் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். முறுக்கியும் 13ஐத் தாண்டவில்லை என்றால் சார்ஜிங் பகுதியில் ஏற்கெனவே வருத்தம் இருக்கிறது, 15ஐத் தாண்டினால் வோல்டைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேற்றர் போய்விட்டது, இரண்டு விதத்திலும் முதலில் அதைத் திருத்துங்கள், போர்ட் பிறகு. இன்னொன்று, பழைய, கிக் அடித்து ஸ்டார்ட் பண்ணுகிற சின்ன பைக்குகள் சிலவற்றில் ஹெட்லைற்றுக்குப் போகிற கரண்ட் பற்றரியில் இருந்து வருவதில்லை, எஞ்சினோடு சுற்றிக் கரண்ட் தயாரிக்கிற மக்னெற்றில் இருந்து நேரே ஏசியாக (திசை மாறி மாறி ஓடுகிற கரண்டாக) வருகிறது. இதைக் கண்டுபிடிக்க மீற்றர்கூடத் தேவையில்லை, ஆக்ஸிலேற்றர் முறுக்கும்போது லைற் கூடி, விட்டால் மங்கி, எஞ்சினை நிறுத்தினால் திறப்பு போட்டபடி இருந்தாலும் அணைந்துவிடுகிறது என்றால் அது ஏசி. அந்த வயரில் போர்ட்டைக் கொடுத்தால் போர்ட் எரியும், உங்கள் அதிர்ஷ்டத்தைப் பொறுத்துப் போனும் கூடப் போகும். அப்படிப்பட்ட பைக்குகளில் பற்றரியும் சின்னது, 2.5 அம்பியர் மணிகூட இருக்கும், ஆகவே ஒரு வாய் உள்ள சின்ன போர்ட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி போர்ட். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி வாங்காமல் வாட்ஸ் கணக்குப் பாருங்கள். 5 வோல்டில் 2.1 அம்பியர் என்றால் 10.5 வாட்ஸ், உள்ளே வீணாகிறதையும் சேர்த்தால் பற்றரிப் பக்கத்தில் ஒரு அம்பியர் அளவு எடுக்கும். 18 வாட்ஸ் வேகச் சார்ஜ் என்றால் ஒன்றரை அம்பியருக்குக் கொஞ்சம் மேல். இரண்டு வாயும் சேர்த்து 36 வாட்ஸ் என்றால் மூன்று அம்பியரைத் தாண்டும், அது ஹெட்லைற் பல்ப் ஒன்று கூடுதலாக எரிவதற்குச் சமம். வழி பார்க்க மப் போட்டுக்கொண்டு ஓடுகிறவருக்கு 18 வாட்ஸ் தாராளம். வோல்ட் காட்டி இல்லாத போர்ட்டை எடுங்கள், இருந்தே ஆக வேண்டும் என்றால் தனிச் சுவிட்ச் உள்ளதாக. மூடி ரப்பரில் இருக்க வேண்டும், போர்ட்டோடு ஒட்டியபடி இருக்க வேண்டும், தனியாகக் கழற்றி வைக்கிற மூடி நிலாவெளி ரோட்டில் எங்கோ விழுந்து கிடக்கும். தண்ணீர் புகாது என்று எழுதியிருப்பது மூடி போட்டிருக்கும்போது மட்டும்தான், கேபிளைச் செருகின உடனே அந்த வாக்குறுதி முடிந்தது.

வேறு தேவையானவை: பியூஸ் வைக்கிற சின்னக் கூடு ஒன்று, 3 அம்பியர் பியூஸ் இரண்டு (ஒன்று கையிருப்புக்கு), பல இழை உள்ள 0.75 சதுர மில்லிமீற்றர் வயர் சிவப்பிலும் கறுப்பிலும் இரண்டிரண்டு மீற்றர், நசுக்கிப் பூட்டுகிற கனெக்டர்கள், சூடு காட்டினால் சுருங்குகிற குழாய், கேபிள் ரை, கொஞ்சம் வசலீன். வீட்டு வயறிங்குக்குப் போடுகிற ஒற்றைக் கம்பி வயர் மிச்சம் இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள், பைக்கின் அதிர்வில் அது உள்ளுக்குள்ளே முறியும், வெளியே உறை நன்றாக இருப்பதால் எங்கே முறிந்தது என்று தேடியே ஒரு நாள் போகும். வயரில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கிற டெஸ்ட் லைற்றும் வேண்டும், அதைக் கடையில் வாங்கத் தேவையில்லை, பழைய சிக்னல் பல்ப் ஒன்றில் இரண்டு வயரை ஒட்டி, ஒரு வயரின் நுனியில் குண்டூசி, மற்றதில் முதலைவாய்க் கிளிப், அவ்வளவுதான்.

இப்போது முக்கியமான இடம். திறப்பு போட்டால் கரண்ட் வர வேண்டும், எடுத்தால் நிற்க வேண்டும், அப்படி ஒரு வயரைக் கண்டுபிடிக்க வேண்டும். ஹெட்லைற் கூட்டைக் கழற்றி உள்ளே இருக்கிற வயர்க் காட்டுக்குள் கை விடுவதைவிட இலேசான வழி ஒன்று இருக்கிறது: வலது கைப்பிடியில் முன் பிரேக் லீவருக்கு அடியில் கைவிரல் நுனி அளவில் ஒரு சுவிட்ச் இருக்கும், பிரேக் பிடித்தால் பின் லைற்றை எரிய வைப்பது அதுதான். அதற்கு இரண்டு வயர் போகும். பெரும்பாலான பைக்குகளில் அதில் ஒன்று திறப்பு போட்டவுடன் கரண்ட் வந்து காத்திருக்கிற வயர், மற்றது பிரேக் பிடித்தால் மட்டும் கரண்ட் போகிற வயர். நமக்கு வேண்டியது காத்திருக்கிறது.

சோதிப்பது இப்படி. சுவிட்சில் இருந்து இரண்டு வயரையும் மெதுவாக இழுத்துக் கழற்றுங்கள், வயரைப் பிடித்து இழுக்காமல் கனெக்டரைப் பிடித்து. டெஸ்ட் லைற்றின் கிளிப்பை எஞ்சினில் பெயின்ற் இல்லாத ஒரு நட்டில் கடிக்க விடுங்கள். திறப்பைப் போட்டு, குண்டூசியை ஒவ்வொரு கனெக்டருக்குள்ளும் தொட்டுப் பாருங்கள். ஒன்றில் பல்ப் பளிச்சென்று எரியும், மற்றதில் ஒன்றும் இராது. எரிந்த வயரில் ஊசியை வைத்தபடி திறப்பை எடுங்கள், பல்ப் அணைய வேண்டும். அணையாவிட்டால் அது எப்போதும் கரண்ட் உள்ள வயர், என் நீல எழுத்துக் கதை உங்களுக்கும் வரும். கிளிப் கடித்த நட்டு கறள் பிடித்திருந்தால் இரண்டிலுமே எரியாது, அப்போது வயரைச் சந்தேகிக்காமல் நட்டை மாற்றுங்கள். பியூவல் இன்ஜெக்ஷன் (பெற்றோலைக் கம்பியூட்டர் அளந்து விசிறுகிற) வண்டி என்றால் ஒரு கவனம், கண்டபடி கண்ட வயரில் எல்லாம் டெஸ்ட் லைற் வைக்க வேண்டாம், கம்பியூட்டருக்கும் சென்சருக்கும் போகிற வயர்கள் அந்தப் பல்ப் இழுக்கிற கரண்ட்டைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை இல்லை, மல்டிமீற்றரால் பாருங்கள்.

நிறத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள் என்று இதற்காகத்தான் சொல்கிறேன்: கறுப்பு என்றால் எர்த் (பற்றரியின் நெகற்றிவ்வுக்குத் திரும்புகிற வயர்) என்று கை பழகிப் போயிருக்கும், ஆனால் ஹொண்டாவில் கறுப்புத்தான் திறப்பு போட்டால் கரண்ட் வருகிற வயர், எர்த் பச்சை. யமஹாவில் எர்த் கறுப்பு, திறப்பால் வருகிற கரண்ட் பிறவுணில். அண்ணனின் ஹொண்டா டியோ ஸ்கூற்றரில் போர்ட்டின் கறுப்பை வண்டியின் கறுப்போடு சேர்க்க நான் கையை நீட்டியே விட்டேன், அவன் சும்மா பக்கத்தில் தேத்தண்ணியோடு நின்றவன், "டேய், ஒருக்கா அந்தப் பல்பை வைச்சுப் பார்" என்றான். பார்த்தால் எரிகிறது.

வயர் கிடைத்ததும் வேலை தொடங்குகிறது, ஆனால் தொடங்க முன் பற்றரியின் நெகற்றிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். பொசிற்றிவ்வை முதலில் கழற்றப் போனால் ஸ்பானர் தவறிச் சட்டத்தில் பட்டவுடன் பொறி பறக்கும், ஏனென்றால் சட்டம் முழுவதுமே நெகற்றிவ். நெகற்றிவ் முதலில் போய்விட்டால் ஸ்பானர் எங்கே பட்டாலும் ஒன்றும் நடக்காது. திருப்பிப் பூட்டும்போது தலைகீழ், நெகற்றிவ் கடைசி.

பழைய வயரை வெட்ட வேண்டாம். உறையைச் சீவி அதில் புது வயரைச் சுற்றி ரேப் ஒட்டுவதும் வேண்டாம், நம்முடைய வெயிலில் அந்த ரேப் ஆறு மாதத்தில் பசையாக உருகி வழுக்கும். ஒரு பக்கம் செருகவும் இரண்டு பக்கம் வாங்கவும் கூடிய இரட்டை வாய்க் கனெக்டர் எலெக்ற்றிக் சாமான் கடைகளில் இருக்கும், அதைச் சுவிட்சுக்கும் பழைய வயருக்கும் நடுவில் செருகினால் பிரேக் லைற்றும் வேலை செய்யும், நமக்கும் ஒரு வாய் கிடைக்கும், லீசிங்கில் எடுத்த பைக் என்றாலும் நாளைக்குக் கழற்றிவிட்டால் தடமே இராது. அந்த வாயில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் கூடு, அதில் இருந்து போர்ட்டின் சிவப்பு. பியூஸ் 3 அம்பியருக்கு மேல் போட வேண்டாம். பைக்கின் பிரதான பியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 அம்பியராக இருக்கும், போர்ட்டில் ஏதாவது சோர்ட் ஆனால் நம்முடைய சின்ன பியூஸ் முதலில் போக வேண்டும், பெரியது போனால் ஹபரணை ரோட்டில் யானை நிற்கிற இடத்தில் லைற்றும் இல்லாமல் எஞ்சினும் இல்லாமல் நிற்பீர்கள்.

போர்ட்டின் கறுப்பு வயரை ஹான்டிலில் பூட்டாமல் பற்றரியின் நெகற்றிவ்வுக்கோ சட்டத்தில் தொழிற்சாலையே எர்த் பூட்டியிருக்கிற நட்டுக்கோ கொண்டுபோங்கள். ஹான்டிலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருப்பது கிறீஸ் பூசிய பெயரிங், அதன் வழியாகப் போகிற எர்த் ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இராது.

இரண்டு வாய் உள்ள பெரிய போர்ட் என்றால் பிரேக் சுவிட்ச் வயரில் அவ்வளவு கரண்ட்டையும் இழுக்காதீர்கள், றிலே ஒன்று போடுங்கள், சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடுகிற சுவிட்ச் அது. நாலு கால் உள்ள சாதாரண 12 வோல்ட் றிலேதான், காலில் எண் எழுதியிருக்கும். 86க்குப் பிரேக் சுவிட்சில் இருந்து எடுத்த வயர், 85 எர்த்துக்கு, 30க்குப் பற்றரியின் பொசிற்றிவ்வில் இருந்து 5 அம்பியர் பியூஸ் வழியாக, 87இல் இருந்து போர்ட்டுக்கு. இங்கே பியூஸ் பற்றரிக்கு அருகில் இருக்க வேண்டும், போர்ட்டுக்கு அருகில் இல்லை, ஏனென்றால் நடுவில் எங்கே வயர் உரசினாலும் அது காப்பாற்ற வேண்டியது அந்த நீளம் முழுவதையும். திறப்பைப் போடும்போது 'டக்' என்று சத்தம் கேட்டால் றிலே வேலை செய்கிறது.

இணைப்புகளை ஈயம் உருக்கி ஒட்டுவதா நசுக்குவதா என்று கேட்டால், பைக்கில் நான் நசுக்குகிற பக்கம். ஈயம் ஏறின இடத்தில் வயர் விறைத்துப் போய், அது முடிகிற விளிம்பில் அதிர்ந்து அதிர்ந்து முறிகிறது. நசுக்கிய பிறகு இழுத்துப் பாருங்கள், கையோடு வந்தால் இப்போதே வந்தது நல்லது. குழாயை முதலிலேயே வயரில் கோர்த்து வைக்க மறக்காதீர்கள், எல்லாவற்றையும் நசுக்கி முடித்துவிட்டுக் குழாய் மேசையில் கிடப்பதைப் பார்க்கிற அனுபவம் எனக்கு இரண்டு தரம். மூடுவதற்கு முன் உள்ளே விரல் நுனியால் கொஞ்சம் வசலீன். ஊர்ப் பெயரிலேயே உப்பு இருக்கிற இடத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்யாமல் விட்டால், செம்பில் பச்சை பூப்பதற்கு ஒரு மாரி போதும்.

வயரைப் பெற்றோல் டாங்குக்குக் கீழே, ஏற்கெனவே போகிற வயர்க் கட்டோடு சேர்த்துக் கொண்டுபோங்கள். இறுக்கிக் கட்ட முன் ஹான்டிலை இடது கடைசிக்கும் வலது கடைசிக்கும் திருப்பிப் பாருங்கள், எந்தப் பக்கத்திலும் வயர் இழுபடக் கூடாது, கழுத்துப் பகுதியில் நசுங்கவும் கூடாது, ஆக்ஸிலேற்றர் கேபிளைத் தொடவும் கூடாது. டாங்கைத் திரும்ப வைக்கும்போது அதன் விளிம்பு வயரில் குந்துகிறதா என்று குனிந்து பாருங்கள், வயர் வெட்டுப்படுகிற இடம் பெரும்பாலும் அதுதான். சைலன்சர் பக்கம் போகவே வேண்டாம். போர்ட்டுக்கு ஏறுவதற்கு முன் வயர் ஒரு தரம் கீழே தொங்கி வளைந்து மேலே போகட்டும், மழைத் தண்ணீர் வயர் வழியாக ஓடி வந்தாலும் அந்த வளைவில் சொட்டி விழுந்துவிடும்.

போர்ட்டைக் கண்ணாடித் தண்டுக்கு அருகில் ஹான்டிலில் பூட்டுவது வசதி, ஆனால் வாய் வானத்தைப் பார்க்கக் கூடாது, உங்களைப் பார்த்தபடி கொஞ்சம் கீழே சாய்ந்திருக்க வேண்டும். ஸ்கூற்றர் என்றால் இதற்கெல்லாம் தலையை உடைக்க வேண்டியதில்லை, முன் பெட்டிக்குள்ளோ சீற்றுக்கு அடியிலோ வைத்தால் மழையும் படாது, கண்ணும் படாது.

பற்றரியைத் திரும்பப் பூட்டி, போனைச் செருகாமல் திறப்பை மட்டும் போட்டுப் பாருங்கள். முன் பிரேக், பின் பிரேக், ஹோர்ன், சிக்னல், எல்லாம் முன்பு போல வேலை செய்கிறதா. பிறகு வீட்டில் கிடக்கிற பழைய போன் ஒன்றைச் செருகி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுங்கள், புதுப் போனைச் சோதனைக்கு வைக்காதீர்கள். பத்து நிமிடம் கழித்துப் போர்ட்டையும் பியூஸ் கூட்டையும் தொட்டுப் பாருங்கள், இளஞ்சூடு சரி, கையை எடுக்க வைக்கிற சூடு என்றால் போர்ட் கூடாதது அல்லது ஒரு நசுக்கல் சரியில்லை. கடைசியாகத் திறப்பை எடுத்துவிட்டுப் போர்ட்டின் சின்ன லைற் அணைகிறதா என்று பாருங்கள். நான் இதற்குப் பிறகு கிண்ணியாப் பாலம் வரை ஒரு ஓட்டம் போய் வருவேன், 396 மீற்றர் நீளத்துக்கும் காற்று பக்கவாட்டில் அடிக்கும், தளர்வாக எதையாவது விட்டிருந்தால் அங்கேயே ஆடிக் காட்டிவிடும்.

போன் பக்கமும் இரண்டு விஷயம். கச்சான் வீசுகிற மாதங்களில் நடுப்பகலில் ஹான்டிலில் வைத்துச் சார்ஜும் போட்டு மப்பும் ஓட விட்டால் போன் கொதித்துத் தானே சார்ஜை நிறுத்திவிடும், அதற்குப் போர்ட்டைத் திட்டாதீர்கள், போனைச் சட்டைப் பைக்குள் போட்டு ஒரு காதில் மட்டும் வழி கேளுங்கள். அடுத்தது கமரா. ஹான்டில் வழியாக வருகிற அதிர்வு போன் கமராவின் உள்ளே ஆட்டத்தைச் சமன் செய்கிற பாகத்தைக் கெடுக்கலாம் என்று 2021இல் அப்பிள் நிறுவனமே எச்சரித்தது, பெரிய பைக்குகளில் பூட்டவே வேண்டாம் என்றும் ஸ்கூற்றர் போன்ற சின்ன வண்டிகளில் அதிர்வைக் குறைக்கிற தாங்கி போடும்படியும் சொன்னார்கள். நிலாவெளி தாண்டிக் குச்சவெளிப் பக்கம் அடிக்கடி ஓடுகிற என் கூட்டாளி ஒருவன் இதைக் கேட்டுச் சிரித்தான், இப்போது அவன் எடுக்கிற படமெல்லாம் தண்ணீருக்குள்ளே இருந்து எடுத்தது போல இருக்கிறது.

மழை தொடங்கினால் கேபிளை எடுத்து மூடியைப் போட்டுவிடுங்கள். வருடத்துக்கு ஒரு தரம், வாடைக்காற்றும் மாரியும் வர முன் புரட்டாதி ஐப்பசி அளவில், மூடியைத் திறந்து டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள், பிரேக் சுவிட்சில் செருகின கனெக்டரையும் இழுத்துப் பாருங்கள். மங்கலாக இருந்தால் துடைத்துப் புது வசலீன். பச்சை பூத்திருந்தால் சுரண்டிக்கொண்டு இருக்காதீர்கள், அது வயருக்குள்ளும் ஏறியிருக்கும், செம்பு பளபளப்பாகத் தெரிகிற இடம் வரை வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கனெக்டர் நசுக்குங்கள். அதனால்தான் வயரை அளவாக வெட்டாமல் ஒரு சாண் கூடுதலாக விட்டு டாங்குக்குக் கீழே சுருட்டிக் கட்டி வைக்கிறேன்.